பழைய லாரிக்கு எர்த்: சுரண்டி முடுக்குவதா, தனிக் கேபிள் இழுப்பதா?

இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்கும். ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் எகிறும். பேட்டரி புதுசு, ஆனாலும் இன்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் முக்கும். இப்படியென்றால் எர்த் (கரண்ட் சேஸிஸ் என்கிற இரும்புச் சட்டம் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) கோளாறு என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கிற யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய எர்த் போல்ட்டைச் சுரண்டி முடுக்கினால் போதுமா, புதுசாகக் கேபிள் இழுக்க வேண்டுமா என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. என் 12 வோல்ட் லாரிக்கு நான் கேபிள்தான் இழுத்தேன். கேட்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

சுரண்டுவது மலிவு. எமரி ஷீட், கம்பி பிரஷ், ஸ்டார் வாஷர், முடுக்கியபின் மேலே கொஞ்சம் வாசலின். நாளைக்கு எஃப்சி (வண்டித் தகுதிச் சோதனை) என்றால் இதுதான் வழி.

ஆனால் அது எத்தனை நாள் நிற்கும்? எனக்கு முடிவைச் சொன்னது இந்த ஒரு கேள்விதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் சேறு சேஸிஸ் மூலைகளில் அப்பிக்கொண்டு ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும். தொண்டியிலிருந்து மீன் ஏற்றுகிற வண்டி என்றால் உப்புத் தண்ணீரும் சேரும். கேபிள் முனையில் மாட்டுகிற செம்பு லக்கும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் ஈரம் பட்டால் இரும்புதான் முதலில் அரிக்கும். நம்மூர் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆராய்கிற அரிப்பு இதுவேதான். பளிச்சென்று சுரண்டிய இடம், பெயிண்ட் இல்லாததால், இன்னும் சீக்கிரம் துருவேறும். சேஸிஸை நம்பினால் டெயில் லைட்டிலிருந்து பேட்டரி வரை வழியில் உள்ள ஒவ்வொரு போல்ட்டும் சந்தேகத்துக்குரியது. மழைக்கு மழை அத்தனையையும் யார் கழற்றுவது?

தனிக் கேபிளில் பார்க்க வேண்டியது சில முனைகள்தான். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு தடித்த கேபிள் நேராக செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கு. என் வண்டியில் 50 சதுர மி.மீ. போட்டேன். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் இந்த இணைப்பு கெட்டால் கரண்ட் ஆக்சிலரேட்டர் வயர் வழியாகத் திரும்பி அதைச் சுட வைத்துவிடும். அப்புறம் சேஸிஸுக்கு ஒன்று, கேபினுக்கு ஒன்று. பின் விளக்குகளுக்கு 2.5 சதுர மி.மீ. வயர், பாடி மரப்பலகை என்றால் இது கட்டாயம். லக் தகரம் பூசியதாக இருக்கட்டும், சுத்தியலால் தட்டாமல் கிரிம்பிங் பிரஸ்ஸில் அழுத்தச் சொல்லுங்கள். வேலைக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை நெகட்டிவ் போஸ்ட்டிலும் மறுமுனையை இன்ஜினிலும் தொட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் என்றால் நல்லது. 300 ஆம்பியர் ஓடும்போது ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே 0.3 வோல்ட் போய்விடும். ஓம் மோடில் வைத்துப் பார்த்தால் இந்தக் குறை தெரியவே தெரியாது.

செலவு கூடுதல்தான், செம்பு விலை அப்படி. கேபிளுக்குப் பதில் செம்புக் கம்பிப் பின்னல் பட்டையும் போடலாம், நன்றாக வளையும், இன்ஜின் அதிர்வுக்கு ஏற்றது. ஆனால் மேலுறை இல்லாததால் களிம்பேறும் என்று நான் தவிர்த்தேன், ஓட்டிப் பார்த்துச் சொல்லவில்லை. 24 வோல்ட் பெரிய வண்டிகளிலும் எனக்குக் கைப்பழக்கம் இல்லை. அதே சக்திக்கு அங்கே கரண்ட் பாதிதான் என்பதால், சுரண்டல் வேலை இன்னும் கொஞ்சகாலம் தாக்குப்பிடிக்கலாம்.