நீராவி மாடல் எஞ்சினின் சத்தம்: நான்கு வருட அனுபவம்

என் நீராவி ரயில் எஞ்சின் மாடல் ஹெச்.ஓ. அளவு, அதாவது நிஜ எஞ்சினில் 87-இல் ஒரு பங்கு. சவுண்ட் டிகோடரும் (தண்டவாளம் வழி வரும் கட்டளைப்படி எஞ்சினை ஓட்டி, சத்தமும் எழுப்பும் சிறு சர்க்யூட்) ஸ்பீக்கரும் பின்னால் இழுபடும் டெண்டருக்குள், அதாவது நிலக்கரி, தண்ணீர்ப் பெட்டிக்குள். முதல் இரண்டு வருடம் சேலத்தில் ஒரு குறையும் இல்லை. வேலை மாற்றலாகி ஏற்காடு போன முதல் ஐப்பசியில் தொல்லை ஆரம்பித்தது.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று சத்தம் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நிறுத்தி வைத்தால் மணிக்கணக்கில் ஒழுங்காக இரையும். அந்த வித்தியாசத்தை அப்போதே யோசித்திருந்தால் காசு மிச்சம். நான் டிகோடரைச் சந்தேகப்பட்டுப் புதிது வாங்கிப் போட்டேன். அதுவும் அதையேதான் செய்தது.

குற்றவாளி தண்டவாளம். ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தேன், மை தீட்டியது போலக் கறுப்புக் கோடு. சக்கரங்களிலும் அதே அழுக்கு. கண் இமைக்கும் நேரம் மின்சாரம் விட்டுப்போனால் மோட்டார் ஓடிய வேகத்தில் தாண்டிவிடும். டிகோடர் அணைந்து மறுபடி விழிக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை துடைப்பது வழக்கமாகிவிட்டது. கூடவே அந்த இமைப்பொழுதுக்கு மின்சாரம் தேக்கித் தர சின்ன கெபாசிட்டர் ஒன்றும் பற்றவைத்தேன். அதன்பின் புரோகிராமிங் தண்டவாளத்தில் (டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் தனியாக வைத்த துண்டு) டிகோடரைப் படிக்க முடியவில்லை. கெபாசிட்டரைக் கழற்றினால்தான் படிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாலை போனது.

அடுத்தது அப்பா பிடித்த குறை. சேலம் ஜங்ஷனில் நிலக்கரி எஞ்சின் பார்த்து வளர்ந்தவர். "ஒரு சுத்துக்கு நாலு புஸ்ஸுதானேடா, இது கூட விழுதே" என்றார். சரிதான்: இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் நீராவி தள்ளும், ஆக நான்கு. பெரிய சக்கரத்தில் வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்து, மெதுவாக ஓட்டி எண்ணினால் ஆறு. டிகோடர் அமைப்பை மாற்றி நான்குக்குக் கொண்டுவந்தேன். ஒலியளவையும் பாதியாக்கினேன். முழு அளவில் அந்தக் குட்டி ஸ்பீக்கர் கரகரக்கிறது.

போன வருடம் சேலம் திரும்பியதும் சத்தமே நின்றது. எஞ்சின் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. 8 ஓம் ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் பார்த்தேன்: 7 சொச்சம். அது உயிரோடுதான் இருக்கிறது. அப்புறம் எங்கே?

செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, ஸ்பீக்கருக்குப் போகும் மயிரிழைக் கம்பியை இடுக்கியால் மெல்ல இழுத்தார். மேலுறை மட்டும் ரப்பர் போல நீண்டது.

"உள்ளாற அந்து கெடக்குது பாரு தம்பி. மூடி கழட்டி மாட்டறப்ப எல்லாம் ஒரே எடத்துல மடங்கியிருக்கு."

நான்தான் அத்தனை முறை கழற்றியவன். மெல்லிய இழைகள் கொண்ட வளையும் கம்பியைக் கொஞ்சம் தொய்வாக விட்டு, அவரே பற்றவைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, விசிலை மட்டும் இரண்டு முறை அடிக்கச் சொன்னார்.