பரணில் ஒரு சர்வர், பழைய சாவியோடு

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். ஒரு முகூர்த்தத்துக்கு 300 ஜிபி வரை சேர்ந்துவிடும். பீரோ நிறைய ஹார்ட் டிஸ்க், எதில் எந்த மாப்பிள்ளை இருக்கிறார் என்று தேடியே பாதி நாள் போகும். அதற்காக சென்னை ரிச்சி தெருவில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் ஹெச்பி மைக்ரோசர்வர் ஜென்8 வாங்கினேன். டிஸ்க் இல்லாமல் 14,500 ரூபாய். 2013-இல் வந்த மாடல். நான்கு டிஸ்க் போடலாம், ராம் 16 ஜிபிக்கு மேல் ஏறாது. என் வேலைக்குப் போதும்.

இதே விலைக்கு வேகமான பழைய பிசி கிடைத்திருக்கும். நான் ஆசைப்பட்டது இதிலிருக்கும் ஐலோ 4-க்கு. மதர்போர்டிலேயே உட்கார்ந்திருக்கும் தனிக் குட்டிக் கம்ப்யூட்டர் அது. பின்பக்கம் அதற்கென்றே ஒரு நெட்வொர்க் போர்ட் உண்டு. சர்வர் அணைந்திருந்தாலும் பிளக்கில் கரண்ட் இருந்தால் இது முழித்திருக்கும். மாயவரத்தில் மண்டபத்தில் இருந்துகொண்டே பரணில் இருக்கும் பெட்டியை ஆன் செய்யலாம், பூட் ஆகாமல் எந்தத் திரையில் நிற்கிறது என்று பார்க்கலாம். இதற்கு முன் பிசி வைத்திருந்த காலத்தில் அம்மாவை ஏணியில் ஏற்றி, "அந்த வட்டப் பட்டனை அமுக்குங்கம்மா" என்று போனில் கெஞ்சியிருக்கிறேன்.

"அட்வான்ஸ்டு லைசென்ஸே உள்ள இருக்கு சார்" என்று ஐலோவின் கூடுதல் வசதிகளைத் திறக்கும் கட்டண உரிமத்தைப் பெருமையாகச் சொல்லி, பாஸ்வேர்டு எழுதிய துண்டுச் சீட்டையும் தந்தார் கடைக்காரர். வீட்டுக்கு வந்ததும் நான் அதை ரூட்டரில் செருகவில்லை. லேப்டாப்புக்கும் ஐலோ போர்ட்டுக்கும் நேராக ஒரு கேபிள் போட்டுத் திறந்தேன். உள்ளே மூன்று பயனர் கணக்குகள். யாரோ ஒரு கம்பெனியின் மின்னஞ்சல் முகவரிக்கு எச்சரிக்கை அனுப்பும் அமைப்பும் அப்படியே இருந்தது. வீட்டை வாங்கிவிட்டோம், பழைய குடித்தனக்காரர் கையில் இன்னும் சாவி இருக்கிறது என்ற நிலைமை.

அதைவிட மோசம், ஐலோவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் பழைய 2.10 பதிப்பு. ஐலோ 4-இல் 2.53-க்கு முந்தைய பதிப்புகளில் பெரிய ஓட்டை இருந்தது 2017-இல் வெளியே வந்தது. ஐலோவின் இணையப் பக்கத்துக்கு அனுப்பும் கோரிக்கையின் 'கனெக்‌ஷன்' தலைப்பில் 29 முறை 'ஏ' எழுத்தை அனுப்பினால் பாஸ்வேர்டே கேட்காமல் கதவு திறந்துவிடும். நான் எத்தனை நீள பாஸ்வேர்டு வைத்து என்ன பயன்?

முதலில் ஃபர்ம்வேரை 2.82-க்கு ஏற்றினேன். திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பவில்லை. ஐலோவுக்குள் ஒளிந்துகொண்டு, அப்டேட் ஆனது போல நடித்து ஏமாற்றும் ஐலோபிளீட் என்ற தீநிரலை 2021-இல் ஈரானில் கண்டுபிடித்தார்கள். 2.70-இல்தான் சர்வரின் திரையை பிரவுசரிலேயே காட்டும் எச்டிஎம்எல்5 கன்சோல் வந்தது, அது என் பெட்டியில் புதிதாக முளைத்ததா என்று பார்த்தேன். முளைத்திருந்தது. முழு உத்தரவாதம் இல்லைதான், மனசு கொஞ்சம் ஆறியது.

அப்புறம் பூட் ஆகும்போது எஃப்8 அழுத்தி எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோனேன். பழைய கணக்குகளோடு கடைக்காரர் பெருமைப்பட்ட லைசென்ஸும் போய்விட்டது. அது இல்லாவிட்டால் இயங்குதளம் ஏறியபின் திரையைப் பார்க்க முடியாது. ஆன், ஆஃப், பூட் வரைக்கும் உண்டு. மற்றதற்கு, தூரத்திலிருந்து கட்டளை தட்டி சர்வரை இயக்கும் எஸ்எஸ்எச் இருக்கிறது. யாருடையது என்றே தெரியாத லைசென்ஸ் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆரம்ப பாஸ்வேர்டு அச்சிட்ட அட்டையும் பெட்டியில் இல்லை, அதனால் அதே எஃப்8 மெனுவில் புதுக் கணக்கு உண்டாக்கினேன். நெட்வொர்க் வழியாக சர்வரை நிர்வகிக்கும் ஐபிஎம்ஐ வசதியையும் நிறுத்தினேன். உள்ளே நுழையும் முன்பே கேட்பவருக்கு பாஸ்வேர்டின் ஹாஷை, அதாவது பாஸ்வேர்டை ஊகித்துக் கண்டுபிடிக்க உதவும் அதன் மறைவடிவத்தை, கொடுத்துவிடும் பழைய நெறிமுறை அது.

வெளியிலிருந்து வர ரூட்டரில் போர்ட் எதையும் திறக்கவில்லை, என் கருவிகளை மட்டும் தனிப் பாதையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டேன். இதில்தான் நான் செய்த முட்டாள்தனம். அதை சர்வரிலேயே நிறுவிவிட்டேன். சீர்காழியில் ஒரு ரிசப்ஷன் இரவு சர்வர் அணைந்தது, அதோடு ஐலோவுக்குப் போகும் வழியும் அணைந்தது. மறுபடி அம்மா, மறுபடி ஏணி. "இதுக்கா தம்பி இவ்வளவு காசு குடுத்த?" என்றார். இப்போது டெயில்ஸ்கேல், ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றில் தனியாக ஓடுகிறது. ராஸ்பெரி பையும் ரூட்டரும் இன்வெர்ட்டரில். ஐலோவுக்கு அது மட்டும்தான் வாசல்.

பெட்டிக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். ஒரு ஞாயிறு முழுக்க இதற்கு ஒதுக்க முடியாதவர்கள் ஐலோ போர்ட்டில் கேபிளே செருகாமல் வெறும் சர்வராக வைத்துக்கொள்ளலாம். கடைக்கு இரண்டுதான். நான்கு டிஸ்க் ட்ரே என்று சொல்லி மூன்றுதான் வைத்திருந்தார்கள். "கூரியர்ல போட்டாச்சு சார்" என்று சொல்லி ஏழு வாரமாகிறது.