ராவெல்லோ கல்யாணத்துக்கு எந்த ஊரில் தங்குவது?

கூட வேலை பார்த்த பெண்ணின் கல்யாணம், தெற்கு இத்தாலியில் ராவெல்லோ என்ற மலையூரில். பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்த அன்றே அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒரு ஊரில் அறை தேட ஆரம்பித்துவிட்டோம். நேப்பிள்ஸ் மலிவு என்றார் ஒருவர். சொரெண்டோ அழகு என்றது ஒரு கும்பல். அமால்ஃபிதான் பக்கம் என்றார் இன்னொருவர். விருந்து முடிந்து நடுராத்திரியில் எப்படித் திரும்புவது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. போய்வந்த பிறகு சொல்கிறேன், மற்ற எல்லாக் கணக்கையும் விட அதுதான் பெரிய கணக்கு.

ராவெல்லோ கடலோரத்தில் இல்லை. அமால்ஃபிக்கு மேலே, சுமார் 350 மீட்டர் உயரத்தில் மலைமுகட்டில் உட்கார்ந்திருக்கிறது. ரயில் கிடையாது, படகுத்துறையும் கிடையாது. அமால்ஃபியிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பஸ் அரை மணி நேரம் எடுக்கும். அந்த பஸ் கம்பெனியின் பெயர் நம் காதுக்கு 'சீதா' என்றே கேட்கும். டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பகலில் இதெல்லாம் சரிதான். ஆனால் கல்யாணம் வெயில் தாழ்ந்த பிறகு, மாலை ஐந்து மணி வாக்கில் தொடங்கும். அப்புறம் நின்றபடியே குடியும் கொறிப்பும். அப்புறம் உட்கார்ந்து சாப்பாடு, ஒன்று முடிந்து ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கேக் வெட்டும்போது பதினொன்று ஆகிவிடும், ஆட்டம் அதற்குப் பிறகுதான். அந்த நேரத்தில் படகு கிடையாது, பஸ்ஸை நம்ப முடியாது. வண்டி பேசித்தான் திரும்ப வேண்டும். எனவே ஒவ்வொரு ஊரையும் இரண்டு தடவை அளக்க வேண்டியிருக்கிறது: பகலில் ஒரு தடவை, இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை.

நேப்பிள்ஸும் சொரெண்டோவும்

வரைபடத்தைப் பார்த்தால் சொரெண்டோ பக்கத்தில், நேப்பிள்ஸ் தூரத்தில். சாலையில் போனால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. சொரெண்டோவிலிருந்து ராவெல்லோ வர, பொசிட்டானோ வழியாகக் கடலை ஒட்டிய குறுகிய மலைச்சாலையில் ஊர வேண்டும். பஸ்ஸில் அமால்ஃபி வரவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். வளைவுகளில் எதிரே பஸ் வந்தால் ஒரு வண்டி பின்வாங்கி வழிவிட வேண்டியிருக்கும். வயிறு புரட்டும் ஆட்கள் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். நேப்பிள்ஸிலிருந்து வரும் வேன்காரர்களோ கடற்கரைப் பக்கமே போவதில்லை. நெடுஞ்சாலையில் ஆங்ரி வரை வந்து, கியுன்சி கணவாய் ஏறி, பின்பக்கமாக ராவெல்லோவில் இறங்கிவிடுவார்கள். ஒன்றேகால் மணி நேரம். இரவில் இந்த வழிதான் நிம்மதி.

நேப்பிள்ஸில் கப்போதிக்கீனோ விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது, அறை வாடகையும் குறைவு. எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய ஊரான பொம்பெயியில் தோண்டி எடுத்த மொசைக்குகள் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கே ஒரு நாள் போதாது. மூன்றாவது நாள் சோறு கேட்டு நாக்கு அடம்பிடித்தால், இந்த ஊரில் இலங்கையர் நிறைய வாழ்கிறார்கள், அவர்கள் கடைகளில் அரிசியும் மிளகாய்த்தூளும் கிடைக்கும். எனக்கு இந்த ஊர் ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் சத்தம், நெரிசல், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்க வேண்டிய தெருக்கள் எல்லாம் உண்டு. வயதான அப்பா அம்மாவோடு வருகிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

சொரெண்டோ நல்ல விடுமுறை ஊர், அதில் சந்தேகமில்லை. கேப்ரி தீவுக்குப் படகில் அரை மணி நேரம்கூட ஆகாது. நேப்பிள்ஸிலிருந்து வரும் சிர்க்கும்வெசுவியானா ரயில் பொம்பெயி வாசலில் நின்று வரும். ஒரு மணி பத்து நிமிடப் பயணம், கூட்டத்தில் நின்றுகொண்டே வர நேரலாம். கல்யாணத்தை மையமாக வைத்துப் பார்த்தால் மட்டும் இந்த ஊர் தோற்றுவிடுகிறது. பொசிட்டானோவும் அதே திசைதான், வாடகையோ பல மடங்கு. படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சலெர்னோ

யாருடைய பட்டியலிலும் முதலில் இல்லாத ஊர், எனக்கு மட்டும் முதல் ஊர். ரோமில் விரைவு ரயில் ஏறினால் மாறாமல் சுமார் இரண்டு மணி நேரத்தில் சலெர்னோ. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம் நடந்தால் படகுத்துறை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கிருந்து அமால்ஃபிக்குப் படகு ஓடும், 35 நிமிடம்தான். மலைச்சாலையில் பஸ் திணறும் தூரத்தை நாம் கடலில் காற்று வாங்கிக்கொண்டே கடந்துவிடலாம். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அந்த நாளுக்கு பஸ்தான், ஒன்றேகால் மணி நேரம். 2024 ஜூலையில் ஊருக்குப் பக்கத்திலேயே விமான நிலையமும் திறந்துவிட்டது. இப்போதைக்கு ஐரோப்பிய ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் அது உதவும்.

சுற்றுலாவை நம்பி வாழாத ஊர் என்பதால் சாப்பாட்டு விலை உள்ளூர்க்காரர் கொடுக்கும் விலை. மாலையில் கடற்கரைச் சாலையில் பாட்டிகளும் பேரன்களும் நடை போடுகிறார்கள். பழைய சந்துகளுக்கு நடுவே 11-ஆம் நூற்றாண்டுப் பேராலயம், நிலவறையில் புனித மத்தேயுவின் எலும்புகள். அரை மணி நேர ரயில் தூரத்தில் பேஸ்டமில் மூன்று கிரேக்கக் கோயில்கள், புல்வெளியில் இன்னும் தூண் சாயாமல் நிற்கின்றன. பொம்பெயி கூட்டத்தைப் பார்த்து மிரண்டவர்களுக்கு அங்கே மூச்சு விட இடம் இருக்கும்.

குறை என்றால் இரவுதான். ராவெல்லோவிலிருந்து சலெர்னோவுக்கு வண்டியில் ஒரு மணி நேரம், நூறு யூரோவுக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து வேன் பேசினால் வலிக்காது. தனி ஆள் என்றால் வலிக்கும்.

மலையடிவாரம்: அமால்ஃபி, அத்ரானி, மினோரி

இந்த மூன்றிலிருந்தும் டாக்சியில் இருபது நிமிடத்துக்குள் ராவெல்லோ. அமால்ஃபி பகலில் படகுக் கூட்டத்தால் நிரம்பி வழிகிறது, விலையும் அப்படியே. அதை ஒட்டிய அத்ரானி, பரப்பளவில் இத்தாலியிலேயே மிகச் சிறிய ஊர். அழகோ அழகு, ஆனால் ஊரே படிக்கட்டு. அறை பிடிக்கும் முன் எத்தனை படி என்று கேட்டுவிடுங்கள். "கொஞ்சம்தான்" என்று பதில் வந்தால் நூறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் ஓர் இரவு அங்கே எடுத்து, 23 கிலோ பெட்டியோடு ஏறினேன்.

மினோரி சமதளம். கடற்கரை, நல்ல பேக்கரிகள், ரோமானியர் கட்டிய மாளிகையின் இடிபாடு, மூன்றும் நடக்கிற தூரத்தில். முட்டிவலி உள்ள பெரியவர்களோடு வருகிறவர்கள் வேறு யோசனை இல்லாமல் இங்கே எடுக்கலாம். ராவெல்லோவிலிருந்து மினோரிக்கு எலுமிச்சைத் தோப்புகளின் நடுவே பழைய படிக்கட்டுப் பாதை ஒன்று இறங்குகிறது. மறுநாள் காலையில் இறங்கிப் பாருங்கள். இரவில் பட்டுப்புடவையோடு வேண்டாம்.

மலைமேல்: ராவெல்லோ, ஸ்காலா

மண்டபத்திலிருந்து நடந்தே அறைக்குப் போகலாம் என்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் அறைகள் குறைவு, விலை அதிகம். கோடையில் வில்லா ரூஃபோலோ தோட்டத்தில் இசை விழாவும் சேர்ந்துகொள்ளும். மூன்று நாளைக்குக் குறைந்து தர மாட்டோம் என்று சொல்லும் ஓட்டல்களும் உண்டு. நடுச்சதுக்கம் வரை வண்டி போகாது, பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் இருக்கிறது ஸ்காலா. ராவெல்லோவின் விளக்குகளை எதிரே பார்த்துக்கொண்டு தூங்கலாம், அதைவிடக் குறைந்த வாடகையில். சாலையோடு நடந்தால் அரை மணி நேரத்துக்குள். ராவெல்லோ நிரம்பிவிட்டதே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்த ஊரை ஏனோ தேடுவதில்லை.

என்னைக் கேட்டால்: மூன்று இரவு சலெர்னோ, கல்யாண இரவு மட்டும் கைப்பையோடு ஸ்காலா. பெரியவர்கள் இருந்தால் எல்லா இரவும் மினோரி. ஒரே நாளில் வந்து திரும்பும் கும்பலுக்கு நேப்பிள்ஸும் ஒரு வேனும்.

வாடகைக் கார் மட்டும் வேண்டாம். நிறுத்த இடமில்லை என்பது ஒரு பக்கம். 2022 முதல் கூட்ட மாதங்களில் கடற்கரைச் சாலையில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் முறையும் வந்துவிட்டது. உங்கள் கார் எண் அன்றைக்குப் பொருந்தாவிட்டால் பகலில் அந்தச் சாலையில் ஓட்ட முடியாது. டாக்சிக்கும் டிரைவரோடு வரும் வண்டிக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். வந்ததுதான் வந்தோம் என்று பாரிஸையும் சேர்த்து, அங்கே அதிக நாள் தங்கினால் பிரான்ஸிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் எந்த நாட்டில் எத்தனை இரவு என்ற கணக்கை முதலில் போட்டுவிட்டு, ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பிடியுங்கள்.

சைவம் என்றால் பெண் வீட்டாரிடம் முன்பே எழுதிச் சொல்லுங்கள், மீனும் வேண்டாம் என்று சேர்த்தே. பக்கத்து செத்தாரா ஊரில் நெத்திலியை உப்பில் ஊறவைத்து எடுக்கும் சாறு ஒன்று உண்டு, பார்வைக்கு எதுவும் தெரியாமல் பாஸ்தாவில் கலந்திருக்கும். மலைமேல் இரவில் காற்று சிலுசிலுக்கும், ஒரு சால்வை வேண்டும். குதிகால் செருப்பு கருங்கல் தரைக்கு ஆகாது.

எங்கள் இரவு இப்படி முடிந்தது. பெண் வீட்டார் அமால்ஃபிக்கு இரண்டு நடை வேன் விட்டிருந்தார்கள், அடிவாரத்தில் தங்கியவர்கள் அதில் இறங்கிவிட்டார்கள். நாங்கள் மூன்று பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கைபேசி வெளிச்சத்தில் ஸ்காலாவுக்கு நடந்தோம், பன்னிரண்டரைக்குப் படுக்கை. சொரெண்டோ கும்பல் பேசி வைத்த கார் பன்னிரண்டுக்கு வர வேண்டியது, ஒன்றேகாலுக்கு வந்தது. அவர்கள் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. காலை எட்டுக்கு கேப்ரி படகுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்கள், ஒருவரும் போகவில்லை.