வடசேரிப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடை, அந்தக் கடைசி அலமாரிக்காகவே போகலாம்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே போய்விடலாம். சந்துக்குள் சின்னக் கடை, வாசலில் டி.என்.பி.எஸ்.சி. கைடும் பிளஸ் டூ நோட்ஸும்தான் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே கடைசியில் ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. அதில் நம் கன்னியாகுமரி மாவட்டத்து அரசியல், பள்ளிக்கூடம், பண்பாடு எல்லாம் பிரித்து வைக்காமல் ஒன்றாகவே கிடக்கின்றன. நாலு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டேன், பாதிகூடப் பார்த்து முடியவில்லை.

முதலில் கைக்கு வந்தது, மலையாளம் கோலோச்சிய திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நடந்த தெற்கெல்லைப் போராட்டம் பற்றிய ஒரு பழைய சிறப்பு மலர். போராட்டத் தலைவர் நேசமணி, அவருடைய கட்சியான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு, அப்புறம் 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, எல்லாம் அதில் இருக்கிறது.

அதற்கு அடியிலேயே ஒரு நாலாம் வகுப்பு மலையாளப் பாடப்புத்தகம். அட்டை இல்லை, ஓர் ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது. மலையாளச் சொற்களுக்கு மேலே பென்சிலால், பொடிப்பொடியான தமிழ் எழுத்தில், ஏதோ ஒரு பிள்ளை அர்த்தம் எழுதி வைத்திருக்கிறது. எட்டாம் பக்கத்தோடு அந்தப் பென்சில் எழுத்து நின்றுவிடுகிறது. மலரில் பக்கம் பக்கமாகப் படித்த மொழிப் பிரச்சினை எனக்கு உறைத்தது இதைப் பார்த்த பிறகுதான்.

நாடார் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பற்றியும் சின்னச் சின்ன வெளியீடுகள் நிறைய இருக்கின்றன. மயிலாடிக்கு 1806இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி வந்ததையும் மிஷன் பள்ளிக்கூடங்களையும் பற்றிய ஒரு புத்தகத்தை அவற்றோடு சேர்த்துப் படியுங்கள். 1859இல் நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை தந்த திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பிலும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது என்பதைப் படித்தபோது கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது.

கவிமணியின் மருமக்கள்வழி மான்மியமும் கிடைத்தது. சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரி மகனுக்குப் போன நாஞ்சில் நாட்டு வழக்கத்தில் ஒரு வீட்டுப் பெண்கள் என்ன பாடு பட்டார்கள் என்பதைத் அந்தப் பக்கத்துத் தேரூர்க்காரரான கவிமணியே சொல்லும்போது அதன் ருசியே தனி. சுந்தர ராமசாமி 1988இல் தொடங்கிய காலச்சுவடு, ஜீவாவின் தாமரை, இவற்றின் பழைய இதழ்களும் உதிரியாக உண்டு.

குறை என்றால், எதையும் வரிசையாக அடுக்கி வைக்கவில்லை, மழைக்காலத்தில் ஈர வாடை தாங்காது. மெல்லிய பிரசுரங்களுக்கு விலை கொஞ்சம் கூடுதல்தான், பேரம் படியாது. ஆனால் வாங்கினால்தான் ஆச்சு என்று யாரும் முறைப்பதில்லை. நான் நின்றுகொண்டே புரட்டுவதைப் பார்த்து கடைக்கார அண்ணாச்சி ஸ்டூலைத் தள்ளிவிட்டு, "இருந்து பைய படி மக்ளே" என்றார். மத்தியானம் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

அந்த மலையாளப் பாடப்புத்தகத்தைக் கேட்டுப் பார்த்தேன், விலைக்குத் தர மாட்டேன் என்றுவிட்டார். போனால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்.