எதிராளியின் தீர்ப்பைத் தேடி: சட்டத் தரவுத்தளத்தோடு 18 ஆண்டுகள்

ஒரு சட்டத் தரவுத்தளத்துக்கு 18 ஆண்டுகளாகச் சந்தா கட்டிவருகிறேன். அதுபோக அலமாரியில் தீர்ப்புத் தொகுதிகள், சில இலவசத் தளங்கள், இரண்டு ஆண்டுகளாக ஒரு ஏஐ உதவியாளர். "எதை வாங்கலாம் சார்?" என்று ஜூனியர்கள் கேட்பார்கள். "எந்த வேலைக்கு?" என்று திருப்பிக் கேட்பேன்.

மனு எழுதுவதற்கு என்றால் நான் தரவுத்தளத்தைத் திறப்பதே அபூர்வம். முன்பு இதேபோன்ற வழக்கில் போட்ட மனு எந்தக் கட்டில் கிடக்கிறது என்று பார்ப்பேன். இல்லையென்றால் பக்கத்து அறை நண்பருக்கு ஒரு போன். "இந்த மாதிரி இடைக்கால மனு போட்டிருக்கீங்களா?" கொஞ்ச நேரத்தில் ஃபைல் வந்துவிடும். எந்த வாதத்தை நீதிபதி காதுகொடுத்துக் கேட்டார், எதற்கு முகம் சுளித்தார் என்பதும் கூடவே வரும். அதை எந்த நிறுவனமும் விற்பதில்லை.

வாதத்துக்குத் தயாராகும்போதுதான் தேடுபெட்டிக்கு வேலை. வம்பும் அங்கேதான். ஒரே சங்கதியை ஒரு நீதிபதி 'தாமதம்' என்பார், இன்னொருவர் 'உரிமையை உறங்கவிட்டவர்' என்பார், மூன்றாமவர் இரண்டு சொல்லையும் தொடாமலே மனுவைத் தள்ளுபடி செய்திருப்பார். நான் தட்டிய சொல் இருக்கும் தீர்ப்புகள் மட்டும் திரைக்கு வரும். 40 வந்தால் மனம் நிறைந்துவிடும். வராமல்போனவற்றின் நினைப்பே எழாது.

இது எனக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல என்பது, 1985-இல் பிளேர், மாரன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது தெரிந்தது. ஒரு பெரிய வழக்குக்காகச் சுமார் 40,000 ஆவணங்களைக் கணினியில் ஏற்றியிருந்தார்கள். தேவையானவற்றில் முக்கால்வாசி கைக்கு வந்துவிட்டதாக வழக்கறிஞர்கள் நம்பினார்கள். உண்மையில் வந்தது சராசரியாக 20 சதவீதம். விபத்தைப் பற்றிய வழக்கு அது. ஆனால் ஆவணங்களில் அது எல்லா இடத்திலும் 'விபத்து' இல்லை. சிலர் 'சம்பவம்' என்று எழுதியிருந்தார்கள், சிலர் 'நிலைமை' என்று எழுதியிருந்தார்கள். கணினிகள் எவ்வளவோ மாறிவிட்டன. மனிதர்கள் ஒரே விஷயத்தைப் பத்து விதமாக எழுதுவது மாறவில்லை.

நான் பட்ட அடி ஒன்று. தொழிலுக்கு வந்து நாலாவது ஆண்டு. எனக்கு முழுக்கச் சாதகமான ஒரு முன்தீர்ப்பு கிடைத்தது. பக்கத்தில் பச்சை அடையாளம், அதாவது இன்னும் செல்லும் என்று பொருள். பாதி வாதத்தில் எதிர்த்தரப்பு சீனியர் எழுந்து, அது மேல்முறையீட்டில் ரத்தாகி நான்கு மாதமாகிறது என்று நிதானமாகச் சொல்லி உட்கார்ந்தார். தளம் அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பை ஏற்றியிருந்தது. இரண்டையும் இணைக்கத்தான் மறந்திருந்தது. அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் 1873-இல் இந்த வேலைக்காகவே பசைச்சீட்டுகளை அச்சடித்து விற்றார். பின்னால் வந்த தீர்ப்பு எது என்ற குறிப்பு அதில் இருக்கும். வாங்கியவர்கள் தொகுதியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வார்கள். என் பச்சை அடையாளம் அந்தச் சீட்டின் பேரப்பிள்ளை. ஒட்ட மறந்தால் அன்றும் இன்றும் கதை ஒன்றுதான். அன்றிலிருந்து கட்சிக்காரர்களின் பெயரை வைத்து மேல்நீதிமன்றத்தின் சொந்தத் தளத்தில் ஒருமுறை பார்க்காமல் எதையும் மேற்கோள் காட்டுவதில்லை.

தலைக்குறிப்பை, அதாவது தீர்ப்பின் தலையில் போட்டிருக்கும் சுருக்கத்தை, மட்டும் படித்துவிட்டு நீதிமன்றம் போவதும் ஏறக்குறைய இதே ரகம். அது தீர்ப்பின் பகுதியே அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1906-இலேயே சொல்லிவிட்டது. தீர்ப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும், அவ்வளவே.

ஏஐ உதவியாளரை நான் முழுக்கத் திட்டமாட்டேன். கட்சிக்காரர் சொன்ன கதையை அப்படியே கொடுத்து, "இதை நீதிமன்றங்கள் என்னென்ன சொற்களில் பேசும்?" என்று கேட்டால் எனக்குத் தோன்றாத நாலு சொல் தரும். அவற்றை எடுத்துப்போய்த் தரவுத்தளத்தில் தேடுவேன். பிளேர், மாரன் காட்டிய ஓட்டைக்கு நான் கண்ட நல்ல ஒட்டு இதுதான். சைட்டேஷன், அதாவது மேற்கோள் காட்டவேண்டிய தீர்ப்பின் விவரம், மட்டும் கேட்கவே மாட்டேன். 2023-இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனையில் உதித்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்தவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அந்தத் தீர்ப்புகள் உண்மைதானா என்று அவர்கள் விசாரித்தது அதே சாட்ஜிபிடியிடம்!

எங்கே நிறுத்துவது என்பதுதான் ஜூனியர்களுக்குப் பிடிபடாத விஷயம். புதிதாகக் கிடைக்கும் தீர்ப்புகள் ஏற்கெனவே படித்தவற்றையே சுட்ட ஆரம்பித்தால் என் பக்கத்துத் தேடலை மூடிவிடுவேன். பிறகு எதிர்த்தரப்புக்காக நானே ஆஜராவதாக நினைத்துக்கொண்டு இன்னொரு அரைமணி. உருப்படியான தீர்ப்புகள் பெரும்பாலும் அந்த அரைமணியில்தான் கிடைத்திருக்கின்றன. சில சமயம் சமரசம் பேசலாம் என்று கட்சிக்காரரிடம் சொல்லவேண்டிய நிலையும் அதில்தான் வந்திருக்கிறது.

இந்த ஆண்டும் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். தேதிவாரியாக வரிசைப்படுத்தும் பொத்தானைப் புதிய பதிப்பில் மூன்று சொடுக்கு ஆழத்தில் புதைத்துவிட்டார்கள். அதைப் பற்றி எழுதிய இரண்டு மின்னஞ்சலுக்கும் இன்னும் பதில் இல்லை.