லொறியில் போன அரங்கும் தோளில் போன அரங்கும்

நாடக விழாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்த மறுநாளே குழுவுக்குள் சண்டை தொடங்கிவிடும். யார் எந்தப் பாத்திரம் என்பதிலெல்லாம் இல்லை, சாமான்களை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் குழு கண்டியில் நடந்த விழாக்களுக்கு மூன்று முறை போயிருக்கிறது. முதல் முறை காட்சித் தட்டிகளைச் சொந்தமாகச் செய்து லொறியில் ஏற்றினோம். இரண்டாவது முறை வெறுங்கையோடு போய் அங்கேயே வாடகைக்கு எடுத்தோம். மூன்றாவது முறை மூங்கிலையும் துணியையும் மூட்டை கட்டி, ஆளுக்கொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். இனி எங்களுக்கு மூட்டைதான் என்று நான் தீர்மானித்துவிட்டேன். ஆகவே இதில் நடுநிலையான தீர்ப்பைத் தேட வேண்டாம்.

செலவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. லொறிக்குத்தான் கூடுதல் செலவு என்பது எவருக்கும் தெரியும். போக வர வாடகையும் காத்திருப்புக் கூலியுமாக எங்களுக்கு 30,000 ரூபாயைத் தாண்டியது. நாடகத்தின் மற்றச் செலவுகள் எல்லாம் சேர்ந்தும் அதில் பாதி வரவில்லை.

ஆனால் லொறியில் கொண்டுபோன அரங்கு அழகாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். எட்டு அடிக்கு நான்கு அடி ஒட்டுப்பலகையில் ஆறு தட்டிகள். எங்கள் ஆசாரி அண்ணன் இரண்டு வார இரவுகளில் சட்டம் அடித்துக் கொடுத்தார். ஓவியம் கற்ற தம்பி ஒருவன் அவற்றில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தையும், அதன் முன்திண்ணையான இஸ்தோப்பையும், தூரத்தில் சிவனொளிபாத மலையையும் வரைந்திருந்தான். மண்டபத்தில் திரை விலகியபோது நடிகர் ஒருவரும் இன்னும் மேடைக்கு வரவில்லை, ஆனால் கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலை மூங்கில் ஒருபோதும் வாங்கித் தராது.

அந்தக் கைதட்டலுக்கு முந்திய பத்து மணி நேரம் வேறு கதை. மரக்கறி ஏற்றி இறக்கிவிட்டுத் திரும்பிய லொறி அது. உள்ளே லீக்ஸ் தழை நசுங்கிக் கிடந்தது. வட்டவளை தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிற ஊரில் வேறு என்ன எதிர்பார்ப்பது? கினிகத்தேனை வளைவுகளில் தறப்பாளின் ஒரு மூலை கிழிந்து படபடக்க ஆரம்பித்தது. நாவலப்பிட்டியில் நிறுத்திப் பார்த்தபோது, ஓரத்துத் தட்டியில் லயத்துக் கூரையின் தகர நிறம் சுவரில் ஒழுகியிருந்தது. கண்டியில் மண்டபத்தின் பின்வாசலில் நான்கு படி, உடனே ஒரு திருப்பம். எட்டடித் தட்டி அந்தத் திருப்பத்தில் திரும்பவில்லை. முன்வாசல் வழியாக, உட்கார்ந்திருந்த பார்வையாளர்களின் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனோம். எங்களுக்கு முந்திய நாடகம் முடிந்ததிலிருந்து 10 நிமிடத்தில் மேடை தயாராக வேண்டும் என்பது விதி. எங்களுக்கு 22 நிமிடம் ஆனது. புள்ளியில் வெட்டு விழுந்தது. நியாயமான வெட்டுதான்.

இவையெல்லாம் தாங்கக்கூடிய தொல்லைகள். மண்டபத்தின் வாசலை முன்கூட்டியே போய் அளந்திருந்தால், நல்ல தறப்பாள் வாங்கியிருந்தால், லொறி வழியும் சரிப்பட்டிருக்கும். அதை நான் கைவிட்டதற்குக் காரணம், விழா முடிந்த பிறகு வந்த கேள்வி: இவற்றை எங்கே வைப்பது?

மலையகத்தில் நாடகம் போடுகிறவர்கள் செலவுத் திட்டத்தின் முதல் வரியாக எழுத வேண்டிய கேள்வி இது. லயக் காம்பரா ஒன்று பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் ஒரு குடும்பம் இருக்கிறது. எட்டடித் தட்டி அதன் கதவு வழியே நிமிர்ந்து நுழையாது, சாய்த்து நுழைத்தால் உள்ளே நிமிராது. ஒட்டுப்பலகையும் சட்டமுமாகத் தட்டி ஒன்று 14 கிலோகிராம் வரும். ஆறும் சேர்ந்தால் 80 கிலோகிராமுக்கு மேல். ஒரு வாரம் நண்பர் ஒருவரின் இஸ்தோப்பில் சாத்தி வைத்தோம். அவருடைய மனைவி எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்த விதத்திலேயே புரிந்துகொண்டு எடுத்துவிட்டோம். பிறகு வாசிகசாலை, அதன் பிறகு கோயில் சாமான் அறை. கோயிலில் திருவிழா வந்ததும் அங்கிருந்தும் வெளியே. கடைசியில் மூடிக் கிடந்த பழைய பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், இடம் கிடைத்தது.

மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கினால் எங்கள் பக்கத்துச் சுவர்கள் செப்டெம்பர் வரை வியர்த்துக்கொண்டே இருக்கும். மழை விட்ட ஒரு நாள் மடுவத்தைத் திறந்து பார்த்தோம். தட்டிகளின் கீழ்விளிம்பு பாண் துண்டைத் தேநீரில் தோய்த்ததுபோல் உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. சிவனொளிபாத மலைக்கு மேல் வெள்ளைப் பூஞ்சணம். தம்பி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “பனி பெய்திருக்கிறது அண்ணே” என்றான். சிரித்தோம். ஆனால் அடுத்த நாடகத்துக்கு அவற்றில் இரண்டுகூடத் தேறவில்லை. விற்கலாம் என்று கேட்டுப் பார்த்தோம். படம் வரைந்த, உப்பிய பலகையை யார் வாங்குவார்? இன்று அதில் ஒன்று ஆசாரி அண்ணன் வீட்டுக் கோழிக்கூட்டின் பின்சுவர். மலையின் அடிவாரத்தில் ஐந்து கோழிகள் கொத்திக்கொண்டிருக்கின்றன.

ஒரே ஒரு மேடையேற்றத்துக்காக இரண்டு வார உழைப்பு, ஒட்டுப்பலகைக் காசு, லொறி வாடகை. ஒரு நாளும் பழுதுபார்க்க முடியாத, ஒரு மழைக்காலத்தைத் தாண்டாத சாமான். வருடம் முழுக்கத் திறந்திருக்கும் காய்ந்த களஞ்சியம் ஒன்று உங்கள் குழுவுக்கு இருக்குமானால் என்னுடைய வாதத்தில் முக்கால்வாசி விழுந்துவிடும். பாடசாலைக் குழுக்களுக்கு அந்த வசதி இருக்கலாம். தோட்டத்துக் குழுக்களில் அப்படி ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

வாடகைக்கு எடுப்பது பற்றி ஒரே ஒரு அனுபவத்தை வைத்துக்கொண்டு பேசுகிறேன், அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள். வைக்க இடம் தேட வேண்டியதில்லை, தூக்க வேண்டியதில்லை, எல்லாம் சரி. ஆனால் போகிற இடத்தில் என்ன கிடைக்கும் என்பது போன பிறகுதான் தெரியும். தொலைபேசியில் “சாதாரண மரக் கதிரை மூன்று, ஒரு வாங்கு” என்று சொல்லியிருந்தோம். வந்தவை கலியாண மண்டபத்துத் தங்க நிறக் கதிரைகள், வளைந்த கால்களோடு. கொழுந்து எடுத்துவிட்டு வந்த தாய், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்காமல் அதில் உட்கார்ந்து, அரிசி முடிந்துவிட்டது என்று அழுதார். பார்வையாளர் சிரித்ததில் தவறே இல்லை. ஒத்திகையில் ஒருமுறைகூடத் தொடாத சாமானோடு மேடையேறுவது நடிகருக்குப் பெரிய கொடுமை. ஒளிவிளக்குகளுக்கு மட்டும் வாடகை முறை பொருந்தும் என்று நினைக்கிறேன். அதிலும் எங்கள் அனுபவம் குறைவு, மண்டபத்தில் இருந்ததை வைத்தே சமாளித்திருக்கிறோம்.

இனி மூட்டை. நான்கு அடி நீளத்தில் 18 மூங்கில் துண்டுகள். இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எட்டடிக் கால். இரண்டு கால், மேலும் கீழும் ஒவ்வொரு குறுக்குத் துண்டு, இதுதான் ஒரு சட்டம். அப்படி மூன்று சட்டங்கள். கால்கள் இணையும் இடத்தில் ஓர் அடி நீளப் பிளாஸ்டிக் குழாய். மூங்கிலின் பருமன் ஒன்றுபோல் இராது, அதனால் சைக்கிள் டியூப்பைப் பட்டியாக வெட்டிச் சுற்றி, குழாய்க்குள் இறுக்கமாகச் செருகுவோம். மூன்று சட்டங்களையும் பக்கவாட்டில் கயிற்றால் கட்டி, மடிப்புத் தட்டிபோல் கோணலாக நிறுத்தினால் ஒன்றை ஒன்று தாங்கும். அடியில் ஐந்து லீற்றர் வெற்றுக் கான்கள் ஆறு. மண்டபத்துக் குழாயில் தண்ணீர் நிரப்பினால் ஒவ்வொன்றும் 5 கிலோகிராம் பாரம், வரும்போது ஊற்றிவிட்டு வரலாம். சட்டத்தின் மேல் விழுவது கறுப்புத் துணி, பழைய சேலைகள், இரண்டு சணல் சாக்குகள். அதே சட்டம் துணியை மாற்றினால் லயம், இன்னொரு துணியில் ஒபிஸ், துணியை எடுத்துவிட்டால், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்து வேலி. தெருக்கூத்தில் இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் பின்னால் வேடக்காரர் வந்து நிற்பார். திரை இறங்கியதும் ஊர் அவரை அரசனாக ஏற்றுக்கொள்ளும். நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. விழாவில் நடுவர் ஒருவர் இதற்கு ‘வறிய அரங்கு’ என்று பெயர் இருப்பதாகச் சொன்னார். பெயரின் முதல் பாதி எங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

நான்கு பேர் நின்றால் இந்த அரங்கு ஆறு நிமிடத்தில் எழுந்துவிடும். பிரிக்க மூன்று நிமிடம். இதைவிட முக்கியமானது, பிரட்டுக்களத்தில் தினமும் மாலையில் அதே சாமானோடு ஒத்திகை பார்க்க முடிந்தது. கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற இரண்டு தம்பிகள் போயா என்கிற பௌர்ணமி விடுமுறைக்கு வரும்போதும் சட்டங்கள் தயாராக நின்றன. விழா நாளன்று அவர்கள் கொழும்பிலிருந்து நேரே கண்டிக்கு வந்து சேர்ந்தார்கள். லொறி ஏற்ற ஆள் போதவில்லை என்ற பேச்சே எழவில்லை, தோட்டத்து நாள் வேலைக்குப் போகிறவர்கள் அரைநாள் சம்பளத்தை இழக்கவும் இல்லை.

பராமரிப்பு என்று பார்த்தால் இங்கேதான் மூங்கில் ஒட்டுப்பலகையை அடித்து வீழ்த்துகிறது. ஆறு ஆறாகக் கட்டிய மூன்று கட்டுகள், கட்டு ஒன்று 5 கிலோகிராம் அளவு. எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே உள்ள பரணில் அவை கிடக்கின்றன. கீழே மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, எரிகிற அடுப்பு. மழைக்காலம் முழுவதும் புகை ஏறி மூங்கில் காய்ந்து கறுத்து இறுகுகிறது, உளுத்துப்போகச் செய்யும் வண்டும் அண்டுவதில்லை. ஒட்டுப்பலகையைக் கெடுத்த அதே நான்கு மாதங்கள் இதைப் பதப்படுத்தியிருக்கின்றன. ஒரு துண்டு பிளந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். கண்டி மண்டபத்தில் கட்டை அவிழ்த்தபோது மேடை முழுக்க மிலாறுப் புகை வாசம். பக்கத்துக் குழுவில் இருந்த ஓர் அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, “எந்தத் தோட்டம் தம்பி?” என்று கேட்டார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மின்விசிறி சுழன்றால் துணி ஆடும். நடிகர் சாய்ந்தால் சட்டமும் சாயும், ஒத்திகையிலேயே சாயாமல் பழக வேண்டும். கதவை அறைந்து சாத்துகிற காட்சி எங்கள் நாடகத்தில் இருந்தது, அதை எடுத்துவிட்டோம், இன்றும் வருத்தம்தான். ஒருமுறை துணியை ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டி வைத்து, மூன்று சேலைகள் கறுப்புப் புள்ளி விழுந்து போயின. முழுக்கக் காயாத துணியைக் கட்டவே கூடாது. சிம்மாசனமும் மண்டபத் தூண்களும் கேட்கிற புராண நாடகத்துக்கு இது போதுமா என்றால், நாங்கள் செய்து பார்த்ததில்லை.

பஸ்ஸில் ஏற்றுவது நினைத்த அளவு கடினமில்லை, முதல் பஸ்ஸைப் பிடித்தால் மட்டும். பின் ஆசனத்துக்கு அடியில் கட்டுகள் போய்விடும். முதல் தடவை மூங்கிலை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் நின்றோம். நடத்துநர் ஒரு கணம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “எங்கே தம்பி செத்த வீடு?” என்று கேட்டார். இப்போது பூப்போட்ட சேலையில்தான் சுற்றுகிறோம். ஹட்டனிலிருந்து ரயிலில் போகலாமே என்று பலர் கேட்கிறார்கள். காலியான பெட்டி கிடைத்தால் வசதியாகத்தான் இருக்கும். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, 10 நிமிடத்துக்குப் புள்ளி வெட்டுகிற விழாவுக்கு அதை நம்பி நாள் குறிக்க எனக்குத் துணிவில்லை.

இந்த முறை நான்காவது சட்டம் ஒன்று செய்கிறோம். மூங்கில் வெட்டியாகிவிட்டது. பரணில்தான் இடமில்லை. கருவாட்டுக் கூடையை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று அம்மாவிடம் கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.