டிக்கெட் கவுண்டரா, யாத்திரைக் குழுவா?

"மாமா, கையில் ஆறு லட்சம் இருக்கிறது. டிராவல் ஏஜென்சி ஆரம்பித்தால் தேறுமா?" என்று என் தங்கை மகன் கேட்டான். நான் கும்பகோணத்தில் 2008-இல் கடை திறந்தவன். முதல் பதினொரு ஆண்டுகள் விமான டிக்கெட், ரயில் டிக்கெட் கவுண்டர். அதன் பிறகு காசி, கயா, அயோத்தி என்று யாத்திரைக் குழுக்கள். இரண்டும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நடக்கின்றன என்பதால் ஒரே தொழில் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் இரண்டிலும் கை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தவன். எதைத் தேர்ந்தெடுத்தேன், ஏன் என்பதை அவனுக்குச் சொன்னதைவிட விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் 'டிராவல்ஸ்' என்றால் வேன், கார் வாடகை என்றுதான் பொருள். அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நவக்கிரகக் கோயில்களுக்கு 2024 பிப்ரவரியில் அரசுப் போக்குவரத்துக் கழகமே 750 ரூபாய்க்கு பஸ் விட்டது. வங்கித் தவணை கட்டி ஓடும் வேன் அந்த விலைக்கு இறங்கி வர முடியாது.

இனி கவுண்டர். ரயில் டிக்கெட்டில் வருமானம் இல்லை என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்ததே. ரயில்வேயின் நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் விற்கத் தொடங்கியது 2002-இல். அதன் முகவராக இருந்தால் ஏ.சி. இல்லாத வகுப்புக்கு ஒரு டிக்கெட்டுக்கு 20 ரூபாய், ஏ.சி. வகுப்புக்கு 40 ரூபாய் வாங்கலாம். 2025 ஜூலையில் இருந்து தட்கல் திறக்கும் முதல் அரை மணி நேரம் முகவர்களுக்கு அடைத்துவிட்டார்கள். அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு தட்கலில் என்ன மிச்சம் இருக்கும்? பொதுமக்கள் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் கடை வாடகையை அந்த 40 ரூபாயால் கட்ட முடியாது.

விமான டிக்கெட்டின் கதை வேறு. ஒரு காலத்தில் அடிப்படைக் கட்டணத்தில் 9 சதவீதம் வரை முகவருக்குக் கமிஷன் கிடைத்தது. அது படிப்படியாகத் தேய்ந்து, நான் கடை திறந்த அதே 2008-இல்தான் பெரிய நிறுவனங்கள் கமிஷனைப் பூஜ்யமாக்கின. அதன் பிறகு முகவரின் வருமானம் என்பது நாமே டிக்கெட்டின் மேல் வைக்கும் சேவைக் கட்டணம்தான். அதைக் கூட்டி வைத்தால் வாடிக்கையாளர் நம் எதிரிலேயே கைபேசியைத் திறந்து விலையைப் பார்த்துவிடுவார்.

ஆனாலும் கவுண்டர் செத்துவிட்டது என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024-இல் திறந்தது. அங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா போகிறவர்களில் பெரும்பங்கு எங்கள் டெல்டா மாவட்டங்களையும் பக்கத்து மாவட்டங்களையும் சேர்ந்தவர்கள். வேலைக்குப் போகிறவர்கள், அவர்களைப் பார்க்கப் போகிற பெற்றோர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நமக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பது கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பாபநாசம் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா, பேரன் பிறந்ததைப் பார்க்க துபாய் போக வேண்டும் என்று மஞ்சள் பையில் கடவுச்சீட்டோடு வந்தார். முதல் பக்கத்தில் குடும்பப் பெயருக்கான இடம் காலி. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருக்கிறதா, அதை ஏற்றுக்கொள்வார்களா, விசாவில் எப்படி அச்சாகும் என்று இரண்டு நாள் தொலைபேசியிலேயே கழிந்தது. அந்த அம்மாவுக்குக் கைபேசிச் செயலி எந்த வகையிலும் உதவியிருக்காது. இப்படிப்பட்டவர்கள் இருக்கும் வரை கவுண்டருக்கு வேலை இருக்கிறது.

வேலை இருப்பது வேறு, அதில் பிழைப்பது வேறு. கவுண்டரை நான் கைவிட்ட காரணம் போட்டியோ கமிஷனோ இல்லை. பணம் எந்த நாளில் யார் கையில் இருக்கிறது என்ற ஒரே கேள்விதான் காரணம். இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் யாரும் மற்றதையெல்லாம் பிறகு யோசிக்கலாம்; இதை முதலில் யோசிக்க வேண்டும்.

எங்களைப் போன்ற சிறு முகவர்கள் ஒரு பெரிய மொத்த முகவரின் தளத்தில் முன்கூட்டியே பணம் கட்டி வைத்து, அதிலிருந்து டிக்கெட் எடுக்கிறோம். டிக்கெட் எடுத்த நொடியில் நம் பணம் போய்விடும். ஆனால் வாங்குகிறவர் யார்? வீட்டுக்காரர்கள் இணையத்துக்குப் போய்விட்ட பிறகு, கவுண்டருக்குத் தொடர்ந்து வருவது அரிசி ஆலை, மருத்துவமனை, கல்லூரி, ஒப்பந்ததாரர் போன்ற நிறுவன வாடிக்கையாளர்கள். அவர்கள் மாதக் கணக்கில் வாங்குவார்கள். பில் போய், கணக்கர் பார்த்து, முதலாளி கையெழுத்திட்டு வர 45 நாள்.

9,000 ரூபாய் டிக்கெட்டில் 300 ரூபாய் சேவைக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 9,000 ரூபாயை மாதம் ஒன்றரை வட்டிக்கு வாங்கிப் போட்டிருந்தால் 45 நாளுக்கு வட்டி 202 ரூபாய். கையில் நிற்பது 98 ரூபாய். சொந்தப் பணம் என்றால் வட்டி இல்லை, ஆனால் அளவு கட்டிப்போட்டுவிடும். ஆறு லட்சம் முதலீடு வைத்திருப்பவர் 45 நாள் கடனில் மாதம் நான்கு லட்சத்துக்கு மேல் விற்க முடியாது. அது ஏறக்குறைய 44 டிக்கெட், 13,200 ரூபாய். இதில் கடை வாடகை, மின்சாரம், இணையம், ஒரு பையனின் சம்பளம் எல்லாம் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு 9,000 ரூபாய் வாராக்கடனானால், அதை ஈடுகட்ட 30 டிக்கெட் சம்பளமில்லாமல் விற்க வேண்டும்.

எனக்கு ஒரு டிக்கெட்டோடு நிற்கவில்லை. 2018-இல் ஒரு கட்டுமான நிறுவனம் மூன்று மாதம் வாங்கிய டிக்கெட்டுக்கு 1,90,000 ரூபாய் பாக்கி வைத்தது. ஏழு மாதம் நடந்தேன். கடைசியில் பாதிதான் வந்தது. அந்த ஏழு மாதமும் என் மனைவியின் நகை வங்கியில் இருந்தது. அடுத்த ஆண்டு என் முதல் குழுவை அழைத்துக்கொண்டு காசிக்குப் போனேன்.

கடன் மட்டும் இல்லை. விமான நிறுவனமே நின்றுபோனாலும் முதல் வரிசையில் அடி வாங்குவது முகவர்தான். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியபோது, பயணி தேடி வந்தது டிக்கெட் வாங்கிய கடையைத்தான். கொரோனா ஊரடங்கிலும் அதே நிலை: பல நிறுவனங்கள் பணத்தைத் திருப்பித் தராமல் 'பிறகு பறக்கலாம்' என்று வரவு வைத்துக்கொண்டன. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஒரு வழி பிறந்தது.

யாத்திரைக் குழுவில் இந்தக் கணக்கு தலைகீழ். பணம் முதலில் வருகிறது, செலவு பிறகு. புறப்படும் தேதிக்கு நூறு நாள் முன்பே அறிவிக்கிறேன். சேருகிறவர் 5,000 ரூபாய் முன்பணம் தருகிறார். புறப்படப் பத்து நாள் இருக்கும்போது மீதியும் வந்துவிடும். 40 பேர் என்றால் முன்பணமே இரண்டு லட்சம். ரயில் முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரில் 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைத்ததில் பலர் வருந்தினார்கள். பணச்சுழற்சியைப் பொறுத்தவரை எனக்கு அது நல்லதாகவே முடிந்தது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் நாள் புறப்படும் நாளுக்கு நெருங்கி வந்துவிட்டது.

இதில் சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது: பேர் சேர வேண்டும். பதினொரு நாள் காசி, பிரயாகை, கயா, அயோத்தி யாத்திரைக்குத் தலைக்கு 24,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 5 சதவீதம் தனி. ரயில், தங்குமிடம், சாப்பாட்டுப் பொருள் என்று தலைக்கு 14,500 ஆகிறது. சமையல்காரர்கள், உடன் வரும் மேலாளர், அங்கே எடுக்கும் பஸ் என்று ஆள் எண்ணிக்கையைப் பொருட்படுத்தாத செலவு 2,80,000. 40 பேர் சேர்ந்தால் ஒரு லட்சம் நிற்கும். 30 பேர் என்றால் முதலுக்கு மோசமில்லை. 28 பேர் என்றால் 14,000 கையை விட்டுப் போகும். இருந்தாலும் இது கவுண்டர் கடனைப் போல இருட்டில் வருவதில்லை. 30 பேர் சேரவில்லை என்பது 60 நாளுக்கு முன்பே தெரிந்துவிடும். அந்த நாளில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யாத்திரையைத் தள்ளிவைக்கலாம். இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன். திருப்பி வாங்கியவர்களில் பலர் அடுத்த குழுவில் வந்தார்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்பணம் நம் பணம் இல்லை. அடுத்த குழுவின் முன்பணத்தை எடுத்து இந்தக் குழுவின் ஓட்டல் பாக்கியைக் கட்டுவது எளிது. ஒரு குழு சேராமல் போனால் அன்றைக்கே எல்லாம் சரிந்துவிடும். ஒவ்வொரு குழுவுக்கும் தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறேன். குழு ஊர் திரும்பி, கணக்கு முடிந்து, மீதியை என் கணக்குக்கு மாற்றும் வரை அதில் இருந்து ஒரு ரூபாயும் வீட்டுக்குப் போகாது.

இந்த வருமானம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், அது சமையலில் இருந்துதான் வருகிறது. காசியில் அனுமன் காட் பக்கம் நாங்கள் எடுக்கும் சத்திரத்தில் விடியற்காலை நாலரைக்கு அடுப்பு எரியும். பொன்னி அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, காப்பிப் பொடி எல்லாம் ஊரிலிருந்தே மூட்டையாகப் போகும். கங்கையில் முழுகிவிட்டு நடுங்கிக்கொண்டு வரும் எழுபது வயது அம்மா கையில் டபராவோடு காப்பி கிடைத்தால், பிறகு அறையில் வெந்நீர் வரவில்லை என்று கூடச் சொல்ல மாட்டார். கயாவில் சிராத்தம் முடிந்ததும் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை என்று விடுவது வழக்கம். அன்று மாலையே எங்கள் சமையல்காரர் ஒரு நோட்டோடு வந்து ஒவ்வொருவரிடமும் கேட்பார்: "அம்மா, நீங்கள் எந்தக் காய் விட்டீர்கள்?" கத்தரிக்காய், கொத்தவரங்காய் என்று எழுதிக்கொள்வார். மறுநாள் முதல் அந்தக் காய் அந்த இலையில் விழாது. பயணம் முடிந்து ஆறு மாதம் கழித்து, தெருவில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு அந்த அம்மாவே கடைக்கு வருவார். என் விளம்பரச் செலவு ஏறக்குறைய இல்லை என்பதற்கு அந்த நோட்டுதான் காரணம்.

உழைப்பு என்று பார்த்தால் கவுண்டர் பக்கத்தில்கூட வராது. ரயிலில் ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். ஆட்களோடு சேர்த்து 44 பேருக்கு எட்டு டிக்கெட், அதுவும் வெவ்வேறு பெட்டிகளில் விழும். கீழ்ப்படுக்கை கேட்காத வயதானவர் இல்லை. கூட்டத்தில் ஒருவர் தொலைந்தால் கிடைக்கும் வரை நமக்குச் சோறு இறங்காது. பிரயாகையில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து இரண்டு நாள் நான் மருத்துவமனையில் இருந்தேன். குழுவை மேலாளர் நடத்திக்கொண்டு போனார். 2020 மார்ச் ஊரடங்கில் தமிழ்நாட்டு யாத்திரிகர்கள் காசியில் சிக்கிக்கொண்டதை எல்லோரும் படித்திருப்பார்கள். என் குழு ஏப்ரலில் புறப்பட இருந்ததால் தப்பித்தேன். மூன்று வாரம் முன்னதாகத் தேதி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

போட்டியும் கூடியிருக்கிறது. தனியாரும் சுற்றுலா ரயில் நடத்த வழி செய்யும் பாரத் கௌரவ் திட்டத்தில் நாட்டின் முதல் தனியார் ரயில் 2022 ஜூனில் கோவையில் இருந்து ஷீரடிக்குத்தான் புறப்பட்டது. ஐ.ஆர்.சி.டி.சி.யும் அதே திட்டத்தில் யாத்திரை ரயில்கள் விடுகிறது. அறநிலையத் துறை மூத்தோரை ராமேசுவரத்தில் இருந்து காசிக்கு இலவசமாக அழைத்துப் போகிறது. நான் பயந்த அளவுக்கு இவை என் குழுக்களைக் குறைக்கவில்லை. பல நூறு பேர் போகும் ரயிலில் யார் கத்தரிக்காய் விட்டார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. கன்னியாகுமரிக்கும் பனாரஸுக்கும் இடையே 2023 டிசம்பரில் தொடங்கிய வாராந்திர ரயிலும் எங்களுக்கு உதவியாகவே இருக்கிறது. வரும் ஆண்டுகளும் கைகொடுக்கும் என்று நம்புகிறேன்: 2027-இல் நாசிக் கும்பமேளா, 2028-இல் எங்கள் ஊரிலேயே மகாமகம். மகாமகத்துக்கு வெளியூர்க் குழுக்கள் இங்கே வரும்போது தங்குமிடமும் சமையலும் ஏற்பாடு செய்யும் வேலை நமக்கு இருக்கும். 2016-இல் நடந்த போன மகாமகத்தின்போது நான் கவுண்டர்க்காரனாக இருந்ததால் அந்த வாய்ப்பைத் தவறவிட்டேன்.

வெளிநாட்டுக் குழுக்களைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, நல்லூருக்கும் நகுலேசுவரத்துக்கும் பதினெட்டு பேரை ஒரு முறை அழைத்துப் போனேன். லாபம் வந்தது, ஆனால் ஒரு பயணத்தை வைத்துத் தொழிலை எடை போடக் கூடாது. உம்ரா, ஐரோப்பா நடத்துகிறவர்களின் கணக்கு பெரியது. அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் அதில் இறங்க வேண்டும்.

தங்கை மகனிடம் ஆறு லட்சத்தை இப்படிப் பிரிக்கச் சொன்னேன்: இரண்டு லட்சம் எதற்கும் தொடாத வைப்பு, பாதி வழியில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் எடுக்க. ஒரு லட்சம், முதல் குழு 30-ஐத் தொடாமல் புறப்பட நேர்ந்தால் தாங்க. மீதி மூன்று லட்சத்தில் ஒரு சிறிய அறை, ஒரு கணினி, முதல் ஆறு மாத வாடகை. விமான டிக்கெட் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பணம் வந்த பிறகு எடுத்துக் கொடுத்தால் போதும். "கடன் கேட்டால்?" என்றான். என் மேசைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாளைக் காட்டினேன். 2018-இல் எழுதியது, மூலைகள் மஞ்சளாகிவிட்டன. 'டிக்கெட்டுக்குக் கடன் இல்லை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. பிப்ரவரிக் குழுவில் மேலாளரோடு அவனையும் உதவிக்கு அனுப்புகிறேன். முதலில் பதினொரு நாள் சமையலறையில் நிற்கட்டும்.